வேலிக்கு முன்னால் நின்ற செம்மண் லாரி

அவிநாசிக்கு அருகே, எஸ்.டி.டி. பூத் முன்னால் டீக்காக எங்கள் பஸ் நிற்கிறது. எதிரே குளக்கரையில் ஊர்க்காரர்களே வசூல் பண்ணி நடைபாதை போடுகிறார்கள். செம்மண் லாரி ஒரு கிளுவைச் செடி வேலியின் முன்னால் மேலே போக முடியாமல் நிற்கிறது. உள்ளே நாச்சிமுத்து என்பவரின் தோட்டம் என்கிறார் டீக்கடைக்காரர். அவரைக் கேட்காமலே அதன் வழியாகப் பாதை போடத் தீர்மானித்துவிட்டார்கள். இப்போது அவர் அரிவாளோடு வருகிறார். ஊர்க்காரர்கள் இரண்டடி பின்வாங்குகிறார்கள்.

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பனுங்க?" என்றவர், தானே வேலியை வெட்டத் தொடங்குகிறார். நான் டீ கிளாஸோடு கிட்டே போகிறேன்.

"உங்க இடம் போகுதுங்களே?" என்கிறேன்.

"ஊட்டுக்காரிக்குச் சர்க்கரைங்க. டாக்டர் நடக்கச் சொல்லிப்போட்டாருங்க. ரோட்டுல பஸ்ஸுக்கு நடுவால எங்கீங்க நடக்கறது?"

வேலி திறந்ததும் லாரி உறுமுகிறது. ஆனால் முதலில் வெளியே வருவது அவர் மனைவி. "கொஞ்சம் நகருங்க" என்று லாரியை ஒதுக்கிவிட்டு, இன்னும் போடாத பாதையில் விறுவிறுவென்று நடக்கிறார்.