இருபதுக்குப் பக்கத்தில் ஒன்று

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் என் வீட்டுக்காரருக்குத் தக்கலைக்கு வடக்கே, மலையடிவாரத்து ரப்பர் எஸ்டேட் கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்கு முன் மிஷன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுத்தவர். வேலையோடு ஓர் ஓட்டு வீடும் கொடுத்திருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும்; ஊரில் எங்களுக்கென்று ஒரு கூரையும் கிடையாது.

துரைமார் அங்கே டார்ட்ஸ் விளையாடுவார்கள். தள்ளி நின்று, இறகு வைத்த சின்ன அம்பை வட்டப் பலகையில் எறிகிற ஆட்டம். சீமையில் சாராயக்கடை ஆட்டமாம். இங்கே அதற்கு எத்தனை மரியாதை! பலகை மரத்தால் ஆனது. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் உப்பி, அம்பு குத்திய துளைகள் மூடிக்கொள்ளும். ஊறி ஊறி ஓரத்து எண்களில் பெயின்ட் உரிந்துவிட்டது. இவரைப் புதிதாக எழுதச் சொன்னார் பெரிய துரை.

இவர் மீதியையும் சுரண்டிவிட்டு, ஒன்று முதல் இருபது வரை வரிசையாக எழுதி வைத்தார்.

"ஏட்டி, இருபதுக்கு ஒரு பக்கம் ஒண்ணு, மறுபக்கம் அஞ்சு. எவனோ எண்ணத் தெரியாத பய எழுதியிருக்கான். நான் சரியாக்கிட்டேன்." பெருமை வேறு!

சனிக்கிழமை ஆட்டத்தில், எப்போதும் தோற்கிற சின்ன துரை ஜெயித்தார். பெரிய எண்ணெல்லாம் ஒரே பக்கம் கிடந்தால் யார்தான் ஜெயிக்கமாட்டார்? இருபதுக்கு ஆசைப்பட்டுக் குறி தப்பினவனுக்கு ஒன்றோ ஐந்தோதான் கிடைக்கவேண்டும், அதற்குத்தான் எண்களைக் கலைத்துப் போட்டிருக்கிறது என்று பெரிய துரை குதித்தார். காலையில் பழையபடி எழுது, இல்லாவிட்டால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

இவருக்கு அந்த மூன்று எண்ணைத் தவிர ஒன்றும் நினைவில்லை. "நீங்க எதுக்கு அதுல கைய வச்சிய?" என்று கத்தினேன். அழுதுகொண்டே சட்டிபானையைக் கட்டினேன்.

காலையில் இவர் சாக்பீஸைத் துரையிடமே நீட்டி, நீங்கள் குறித்துக் கொடுத்தால் அதன்மேல் பெயின்ட் அடிக்கிறேன் என்றாராம். ஐந்து, இருபது, ஒன்று என்று துரை விறுவிறுவென எழுதினார். அடுத்தது பதினெட்டா, பதின்மூன்றா? கூடியிருந்த துரைமார் ஆளுக்கொன்று சொன்னார்கள். வருஷக்கணக்காக எறிந்தவர்கள்! கடைசியில் பெரிய துரை சாக்பீஸைப் போட்டுவிட்டு, சீமையிலிருந்து வேறு பலகை வரும் என்று சொல்லிப் போய்விட்டார். சாவியை யாரும் கேட்கவில்லை.

மூட்டையை அவிழ்த்து உலை வைத்தேன். ஆனால் பயம் விடவில்லை. புதுப் பலகை வந்த அன்றைக்கு, இவர் அதைத் தொடுவதற்கு முன்னால், இருபது எண்களையும் பார்த்து அடுக்களைச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன். அந்த வீட்டில் இருந்தவரை அந்தச் சுவருக்கு நான் வெள்ளையடிக்க விடவில்லை.