அக்கரையில் புகை இல்லை

அயோம்பெக்கின் வேனில் ஏறுகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று அவன் பாட்டு. மற்றது, இஷ்காஷிமிலிருந்து கோரோக் போகிற வழியில், தலைபோகிற அவசரமானாலும், பாறை வளைவில் வண்டியை நிறுத்திவிடுவான். பிரசவ வலியோடு வந்தவளைக்கூட அங்கே நிறுத்தித்தான் கூட்டிப்போனான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் கையாட்டித் தொலைங்கண்ணா, இல்லேன்னா இங்கேயே பெத்துருவேன்" என்றாளாம்.

நான் இஷ்காஷிமில் கடை வைத்திருக்கிறவள். சரக்கெடுக்க வாரம் ஒருமுறை கோரோக் போக வேண்டும். முன் சீட்டு எனக்குத்தான், அதில் யாரும் வாய் திறக்க முடியாது. சாலை என்று நாங்கள் மரியாதைக்குத்தான் சொல்கிறோம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு, நடுவில் மீந்து போன கல். அந்தக் கல்லின் மேல் பல வருஷமாக அவன் பக்கத்தில் குலுங்கிக்கொண்டு போயிருக்கிறேன். அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பாறை வளைவில் பஞ்ச் ஆறு ஒடுங்கிப் பாய்கிறது. இந்தக் கரை தஜிகிஸ்தான், அந்தக் கரை ஆப்கானிஸ்தான். இரண்டு கரையிலும் அதே பேச்சு, அதே உப்புப் போட்ட பால் தேநீர், அதே நீள மூக்கு. அக்கரையில் நேர் எதிரே ஒரு மண்கூரை வீடு. அது அவன் தங்கை சவ்சனுடையது.

பாலம் திறந்திருந்த காலத்தில், சனிக்கிழமைச் சந்தையில் அவள் கம்பளிக் காலுறை விற்பாள். அக்கரைக்காரன் ஒருத்தன் வாரம் தவறாமல் வந்து வாங்கினான். "இவனுக்கு எத்தனை கால்டி" என்று நாங்கள் கேலி செய்தோம். கடைசியில் அவளையே கட்டிக்கொண்டு போனான். நல்ல மனிதன்தான். அப்புறம் அந்தப் பக்கம் ஆட்சி மாறியது, இந்தப் பக்கம் பாலத்தைப் பூட்டினார்கள். அக்கரை ஊருக்குப் போன் கோபுரம் கிடையாது. அந்தப் பக்கத்துப் பெரிய ஊரான பைசாபாத்துக்குப் போகிற யாராவது மூலம் சேதி சுற்றிக்கொண்டு வரும், வருவதற்குள் அது பழைய சேதியாகிவிடும்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. அயோம்பெக் மூன்று முறை ஹாரன் அடிப்பான். சவ்சன் கூரைமேல் ஏறி வந்து சிவப்புச் சால்வையை வீசுவாள். பிறகு தன் கையைத் தானே முத்தமிடுவாள். நேரில் பார்த்தால் ஒருவர் கையை ஒருவர் முத்தமிடுவதுதான் எங்கள் வழக்கம். ஆறு குறுக்கே கிடந்தால் வேறென்ன செய்வது. இவனும் தன் கையை முத்தமிடுவான். கத்தினால் கேட்காது, தண்ணீர்ச் சத்தம் அப்படி. அண்ணன் தங்கை உறவு அந்த அளவில் நடந்துகொண்டிருந்தது.

போன இலையுதிர்காலத்தில் ஒரு காலை ஹாரன் அடித்தான், அவள் வரவில்லை. மறுபடி அடித்தான்.

"தூங்கிட்டாளோ என்னவோ," என்றேன்.

"புகை இல்லைக்கா."

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஊரில் எல்லாக் கூரையிலும் காலைப் புகை எழுந்துகொண்டிருந்தது, அந்த வீட்டில் மட்டும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டமாட்டோம். அக்கம்பக்கத்தார்தான் உணவு கொண்டுவருவார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துணி மூடிய தட்டுகளோடு இரண்டு பெண்கள் அந்த வாசலுக்குள் போனார்கள்.

"மாமியாரா இருக்கும்," என்றான் அயோம்பெக். "ரொம்ப நாளா இழுத்துக்கிட்டுக் கெடக்கு கிழவி."

"அப்போ கல்யாணச் சாவுதான். விடு," என்றேன். பின் சீட்டில் மாவு மூட்டையைக் கட்டிப்பிடித்திருந்த மனிதர் கையேந்தி வேண்டிக்கொண்டு முகத்தைத் தடவிக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது.

ரோந்துச் சிப்பாய் ஒருவன் வந்து சேர்ந்தான். "இங்க நிக்கக் கூடாது, எடுங்க."

"தம்பி, உன் பைனாகுலர்ல அந்த வீட்டை ஒரு பார்வை பார்த்துச் சொல்லு," என்றான் அயோம்பெக்.

"அதெல்லாம் கூடாதுண்ணே."

"என் கடையில வந்து குளிருதுக்கான்னு கிண்ணம் கிண்ணமா தேநீர் குடிச்சியே, அது கூடுமா?" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே கண்ணில் வைத்தான். "வாசல்ல தாடிக்காரர் ஒருத்தர் நிக்கிறாரு. வர்றவங்களை உள்ள அனுப்புறாரு. எடது கை மடங்கியிருக்கு."

"மச்சான்," என்றான் அயோம்பெக்.

"செவரோரம் வெயில்ல ஒரு கிழவி. தலையில அடிச்சிக்குது."

அந்த வீட்டில் இருப்பது நாலே பேர். மச்சானும் கிழவியும் போக மீதி சவ்சன், அப்புறம் அவள் மகள் நிகினா. கைக்குழந்தையாக அவன் தூக்கிக் கொஞ்சிய பெண்.

அவன் கேட்காமலே சிப்பாய் பைனாகுலரைக் கொடுத்தான். அயோம்பெக் நெடுநேரம் பார்த்தான். முக்காடு போட்ட பெண்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள்; எந்த முக்காட்டுக்குள் எந்த முகம் என்று தெரியவில்லை. பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தான்.

"யாருக்காகக்கா வேண்டிக்கிறது?" என்றான். "தங்கச்சி இருக்கணும்னு கேட்டா, குழந்தை போகட்டும்னு கேட்ட மாதிரி ஆயிடுது."

ஆற்றின் மேலும், அந்தப் பூட்டின் மேலும், அதைப் பூட்டியவர்கள் மேலும் வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், மூட்டையை மிதிக்கிறீர்கள் என்று பின் சீட்டுக்காரர்களைத் திட்டினேன். கோரோக் வரைக்கும் பாட்டு இல்லை.

பாலத்துக் காவலில் போய்க் கெஞ்சினான். மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார்கள். மேலிடம் எங்கே என்றால் கையை மேலே காட்டினார்கள். வீட்டுக்குப் போய் அடுப்பை அணைக்கப் பார்த்தான். அவன் மனைவி குறுக்கே நின்றுவிட்டாள். "யாருன்னு தெரியாம அணைக்கக் கூடாதுங்க. உசிரோட இருக்கறவளுக்கு ஆகாது." அவள் சொன்னது எங்கள் வழக்கப்படி சரிதான். இறந்தவர் பேர் தெரிந்தால்தானே துக்கம் காக்க முடியும். அவனுக்கு அழக்கூட உரிமை இல்லாமல் போயிற்று. அடுப்பு எரிந்தது, தேநீர் கொதித்தது, அவன் தொடவில்லை.

மூன்று நாள் கழிந்த மறுகாலை, எனக்குக் கோரோக்கில் ஒரு வேலையும் இல்லை. இருந்தும் ஏறி உட்கார்ந்தேன். வேறு பயணிகளை அவன் ஏற்றவில்லை.

வளைவில் வண்டி நின்றது. அக்கரையில், அந்தக் கூரையிலிருந்து மெல்லியதாகப் புகை வந்துகொண்டிருந்தது. அயோம்பெக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தான்.

"நீங்க பாருங்கக்கா. என்னால ஆகாது."

"மொதல்ல ஹாரனை அடி."

மூன்று முறை அடித்தான். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். கூரைமேல் சிவப்புச் சால்வை வந்தது.

"அவதான்டா, சிவப்புச் சால்வை, சவ்சன்தான்," என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஏன் அவசரப்பட்டேனோ, என் வாயில் புற்று வைக்க.

அவன் கதவைத் திறந்து கரைக்கு ஓடினான். நான் பின்னாலேயே போனேன். சால்வை அசைந்தது, இப்படியும் அப்படியும், மெதுவாக. பிறகு அந்த உருவம் தன் கையை முத்தமிட்டது, சவ்சன் செய்வது போலவே. இவனும் கையை உதட்டுக்குக் கொண்டுபோனான். அது அங்கேயே நின்றுவிட்டது.

சால்வையை மறுபடி இரண்டு கைகளாலும் உயரத் தூக்கியிருந்தாள் அவள். அப்படித் தூக்கியும் அதன் நுனி கூரைமண்ணில் புரண்டுகொண்டிருந்தது.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையை மட்டும் பார்த்தேன். அது உதட்டைவிட்டு இறங்கி, மறுபடி உயர்ந்து, ஆட ஆரம்பித்தது. அவள் நிறுத்தும் வரை இவனும் நிறுத்தவில்லை. கைவலித்திருக்க வேண்டும், குழந்தைதானே, கடைசியில் சால்வையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

வண்டிக்குத் திரும்பி உட்கார்ந்தான். அக்கரையில் புகை நன்றாகவே எழுந்து நின்றது.

"சிக்னல் கிடைச்சதும் என் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கக்கா," என்றான். "அடுப்பை அணைக்கச் சொல்லுங்க."