நாலு வீட்டுக்கு ஒரு டிக்கெட்

விமான டிக்கெட் விற்பவனுக்குப் பாதி நாள், போக முடியாதவர்களிடம் ஏன் போக முடியாது என்று விளக்குவதிலேயே கழியும். சேலத்தில் பதினாறு வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். கட்டணத்தை நாமே ஏற்றியதுபோல முறைக்கும் முகங்களுக்கு எதிரே உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். கீழே வருவதில் முக்கியமான ஒரு பகுதியைச் சொன்னவர் ஜமால் பாய். பொய் சொல்கிற மனிதர் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதைப் பல வருடங்களாகச் சந்தேகித்துக்கொண்டே இருக்கிறேன்.

முறை

எழுபதுகளில் மஸ்கட் போன நம் பக்கத்து ஆட்கள் முதலில் வருடம் ஒரு தடவை வந்துபோனார்கள். பெட்ரோல் விலையோடு டிக்கெட் விலையும் ஏற, அது மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஆனது. தையல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஒரே அறையில் தங்கியிருந்த ஜமால் பாயும் இன்னும் மூன்று பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வருடத்துக்கு ஒரே டிக்கெட். அறையில் நாலு பெயரையும் எழுதிக் குலுக்குவார்கள். வந்த பெயரைத் தந்தியில் சொல்வார்கள். இங்கே நாலு குடும்பமும் சேர்ந்து டிக்கெட் எடுக்கும், நான் தபாலில் அனுப்புவேன். வருகிறவர் நாலு வீட்டிலும் ஒரு வேளை சாப்பிட வேண்டும். அது கட்டாயம்.

நால்வரில் ஒருவருடைய மனைவி இளம்பிள்ளை ஊர்க்காரர். முதல் இரண்டு வருடக் குலுக்கலிலும் கணவன் பெயர் வரவில்லை. விருந்து போட்ட மறுநாள் என்னிடம் சொன்னார்: "வந்தவரு நல்லாத்தானுங்க சாப்புட்டாரு. நாந்தான் எங்கூட்டுக்காரர நெனச்சு ஆக்கிப்போட்டேன்."

ஒன்றாம் தேதிக்கு முன்

மூன்றாவது வருடம், மாதக் கடைசியில் விமானக் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசிலிருந்து போன் வந்தது. ஒன்றாம் தேதி முதல் கட்டணம் ஏறுகிறது. அதற்குமுன் டிக்கெட் எழுதினால் பழைய விலை. தந்தி இன்னும் வரவில்லை. புது விலையென்றால் அந்த வருடம் ஒருவருமே வர முடியாது. "ஏதாவது ஒரு பெயரில் எழுதிவிடுவோம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று, ஆபீசுக்கு வந்த நாலு வீட்டாரிடமும் சொன்னது நான். முன்பு வேறு ஆட்களுக்கு இரண்டு தடவை கம்பெனியில் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஜமால் பாயின் பாஸ்போர்ட் நகல் ஃபைலில் மேலாக இருந்தது. அதைப் பார்த்து எழுதினேன்.

வெண்ணந்தூர் நாச்சிமுத்துக் கவுண்டரும் வந்திருந்தார். மஸ்கட் அறையிலிருந்த நால்வரில் ஒருவனான செல்லமுத்துவின் அப்பா. தொண்டையில் புற்று. இன்னும் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகனைப் பார்க்கவேண்டும் என்ற ஒன்றுதான் மிச்சம். செல்லமுத்து பெயரையே எழுதட்டுமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்தான் கரகரத்த குரலில் சொன்னார்: "ஆரு பேரா இருந்தா என்னங்க சாமி, எழுதுங்க. நா ஒருத்தன் சாகறதுக்கோசரம் முறைய மாத்த முடியுங்களா?"

மாறாத பெயர்

மறுநாளே மெட்ராஸுக்குப் போன் போட்டுப் பெயர் மாற்றுவதைப் பற்றிக் கேட்டேன். எதிர்முனையிலிருந்த அதிகாரி அலுப்போடு சொன்னார்: "பழைய விலையில எழுதினது எழுதின பேருக்குத்தான் சார். ஆளை மாத்தணும்னா புது விலையில புது டிக்கெட்."

இதையும் எழுதி, டிக்கெட்டோடு சேர்த்து மஸ்கட்டுக்கு அனுப்பினேன்.

போட்டுக்கொள்ளும் சட்டை

வந்தது ஜமால் பாய். நேராக ஆபீசுக்கு வந்தார். "உங்க டிக்கெட் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே குலுக்கிட்டோம் சார். என் பேருதான் விழுந்துச்சு. தந்தி குடுக்கறதுக்குள்ள டிக்கெட்டே வந்துடுச்சு. உங்களுக்கு ராசியான கை" என்றார். வெண்ணந்தூருக்கு மட்டும் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்.

கவுண்டரால் விழுங்க முடியவில்லை. பாய் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பிறகு, செல்லமுத்து கொடுத்தனுப்பியது என்று பாய் பெட்டியைத் திறந்தார். மேலே அப்பாவுக்கு ஒரு போர்வை. அதற்குக் கீழே செல்லமுத்துவின் துவைத்து மடித்த நாலு சட்டைகள், லுங்கி, பாதி தேய்ந்த சவர சோப்பு. பாய் அவசரமாக மூடினார். "கிளம்புற அவசரத்துல அவன் பெட்டிய அப்படியே தூக்கிட்டு வந்துட்டேங்க" என்றார். கவுண்டர் ஒரு சட்டையைக் கேட்டு வாங்கி மார்மேல் வைத்துக்கொண்டார். "இது குடுத்தனுப்பற சட்டை இல்லீங்க பாய். ஊருக்கு வந்தா போட்டுக்கற சட்டை."

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் கவுண்டர் இறந்துபோனார். அன்றைய விலையில் செல்லமுத்துவால் வர முடியவில்லை.

கழுத்தளவு

ஜமால் பாய் இப்போது சேலத்திலேயே தையல் கடை வைத்திருக்கிறார். அவரிடம்தான் சட்டை தைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கேட்க நினைத்து, காலர் பட்டை அகலத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவேன். போன மாதம் அவர் என் கழுத்தை அளந்துகொண்டிருந்தார். முகத்தை நேராகப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. விலை உயர்விலிருந்து நாலு குடும்பங்களைக் காப்பாற்றியவன் என்று அந்த வருடம் முதலாளியிடம் பாராட்டு வாங்கிய நான், அப்போதுதான் கேட்டேன்: "பாய், அன்னைக்குக் குலுக்கினப்போ வந்தது செல்லமுத்து பேருதானே?"