பட்டை இல்லாத லைட் ஹவுஸ்

சிறுசேரியில் வேலை பார்க்கும் என் மகன், போன வாரம் நண்பர்களோடு மாமல்லபுரம் போய்விட்டு வரும்போது எனக்கென்று ஒரு காப்பிக் கோப்பை வாங்கி வந்தான். பாசமான பிள்ளைதான். கோப்பையில் ஊர்ப் பெயர், இரண்டு தென்னை மரம், நடுவில் லைட் ஹவுஸ். அதற்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. "நல்லாருக்காம்மா?" என்றான். நல்லா இல்லை என்றேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

அங்கே போயிருந்தால் உங்களுக்கே தெரியும், அந்த லைட் ஹவுஸுக்குப் பட்டை கிடையாது. பெயிண்டே கிடையாது. பாறை மேல் கல்லால் கட்டியது, கல்லாகவே நிற்கிறது. இதைச் சொல்லப்போய் ஒரு வேலையை இழந்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கரையோரம் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். வேலை நிரந்தரமானால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். அப்போது வந்துகொண்டிருந்த மாப்பிள்ளைகளைப் பார்த்திருந்தால் நீங்களும் வேலையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆண்டு விழா நெருங்கியது. தாளாளர் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் இல்லை, தான் பிடித்த முயலுக்கு எத்தனை கால் என்பதில் மட்டும் கறாராக இருப்பார். ரோட்டைப் பார்த்த காம்பவுண்ட் சுவரில் லைட் ஹவுஸை, கட்டின புதிதில் எப்படி இருந்ததோ அப்படியே வரையச் சொன்னார். வேலி, ஒயர், கடை எதுவும் கூடாது. விழா மேடையிலேயே நிரந்தர ஆர்டரைத் தந்துவிடுவதாகவும் சொன்னார்.

பெயிண்டில் கலக்கும் டர்ப்பன்டைன் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வரும். கல்லின் நிறம் லேசில் வராது. வெள்ளையில் கறுப்பைக் கலந்தால் சிமெண்ட் ஆகிவிடும். துளி காவியும் சேர வேண்டும். எனாமல் பெயிண்டைக் கலந்து கலந்து, நாலு நாளில் என் முந்தானையெல்லாம் லைட் ஹவுஸ் ஆன பிறகு ஒருவழியாகப் பிடிபட்டது.

தாளாளர் வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, தண்ணி டேங்க் மாரி கீது? சிவப்பு வெள்ள பட்டை எங்க?"

"அதுக்குப் பட்டை இல்லீங்க சார்."

"இப்ப இல்லம்மா. ஆதில இருந்துச்சு. பட்டை இல்லாத லைட்டவுசு எங்கனா கீதா? உப்புக் காத்துல பெயிண்டு உதுந்துபோயி கல்லு தெரியுது. நீ புதுசுல இருந்த மாரி போடு."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டைரி, காலண்டர், நோட்டு அட்டை என்று அதுவரை நான் பார்த்த லைட் ஹவுஸ் படமெல்லாம் பட்டையோடுதான் இருந்தன.

நாலாம் வகுப்பு மல்லிகாவின் அப்பா தேவராஜ், கல் சிற்பி. சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "வாங்க டீச்சர், போயே பாத்துர்லாம்" என்றார். மூன்று பேரும் நடந்தோம். கோபுரத்தடியில் நின்று, உளி போன தடம் ஒன்றை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

"கல்லு மேல அடிச்ச பெயிண்டு போயிடும் டீச்சர். உளி போன குழிக்குள்ள எறங்குனது போவாது. ஒருத்தரு சிலைக்குப் பெயிண்டு அடிக்கச் சொல்லிட்டு, அப்றம் வேணான்ட்டாரு. அத்த கழுவறதுக்குள்ள நான் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும். நீங்களே பாருங்க, ஒரு பொட்டு கீதா?"

கொண்டை ஊசியைக் கழற்றி, கை எட்டிய கல்லையெல்லாம் குடைந்து பார்த்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் என்னைப் போட்டோகூட எடுத்தார். சிவப்பு இல்லை, வெள்ளை இல்லை. வெறும் மண்ணும் உப்பும்தான்.

மறுநாள் தாளாளரிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார்.

"பள்ளிக்கூடம் யாருதும்மா?"

"உங்களுது சார். லைட் ஹவுஸ் உங்களுது இல்ல."

சிரிப்பு நின்றது. "பட்டைய போட்டுட்டு ஆர்டர வாங்கிக்கோ. இல்லன்னா வேற ஆள வெச்சு நான் போட்டுக்கறேன்."

"போட்டுக்குங்க. என் கையால போட மாட்டேன்."

இப்படிப் பேசக்கூடியவள் என்று எனக்கே அதுவரை தெரியாது. பிரஷ்களைக் கழுவும்போது அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகைதான். திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க மட்டும் தோன்றவில்லை. அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

ஆர்டர் வரவில்லை. "ரெண்டு பட்டையப் போட்டுட்டு வந்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்?" என்றார் அப்பா. செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். கல்யாணத்துக்குப் பயந்து வேலைக்குப் போனவள், ஊரார் கல்யாணப் பத்திரிகைகளுக்கெல்லாம் வாழைமரம் வரைந்துகொண்டிருந்தேன்.

சுவரில் பட்டை ஏறிவிட்டது. யாரையோ வைத்து, என் எனாமல் மேலேயே, தண்ணீரில் கரைத்து அடிக்கும் மலிவு டிஸ்டெம்பரை அடிக்கவைத்திருந்தார். அந்த வழியாக பஸ்ஸில் போனால் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வேன். பல வருஷம் கழித்து, மகனை மடியில் வைத்துக்கொண்டு போன ஒரு நாள், திருப்பிக்கொள்ள மறந்துவிட்டேன். எனாமல் மேல் டிஸ்டெம்பர் எத்தனை நாள் நிற்கும்? சிவப்பு பொருக்கு பொருக்காக உதிர்ந்து, உள்ளிருந்து என் கல் நிறம் எட்டிப் பார்த்தது. உப்புக் காற்றில் பெயிண்ட் உதிர்ந்து கல் தெரியும் என்று தாளாளர் சொன்னது, அந்த ஒரு சுவரில் மட்டும் நிஜமாகிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

ரோட்டை அகலப்படுத்தியபோது சுவரை இடித்தார்கள். கொஞ்ச நாளில் பள்ளியும் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஐஸ்கிரீம் கடை. சுவரை ஒரு போட்டோகூட எடுத்துவைக்கவில்லை நான். அப்படி ஒன்று இருந்தது என்பதற்கு என் வாய்தான் சாட்சி.

கோப்பையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பிள்ளை ஆசையாக வாங்கி வந்தது, தூக்கிப் போட முடியுமா? கல்லுப்பைக் கொட்டி அடுப்படியில் வைத்திருக்கிறேன். ஈரக் கையோடுதான் எடுக்கிறேன், எடுத்த கையாலேயே வெளிப்பக்கமும் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் வைக்கிறேன். பட்டை எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்துவிடலாம்.