கிட்னிக் கதவுகளும் தம்பியின் இணைச்சீரும்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அக்காவுக்கு மணப்பெண்ணுக்கு ஈடான மரியாதை உண்டு. பட்டுடுத்தி, நகை பூட்டி, தம்பியோடு உட்கார்ந்து அவள் செய்யும் சடங்குக்கு இணைச்சீர் என்று பெயர். ஒரே சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு அவளிடம். முடியும்வரை எழுந்துபோகக் கூடாது. எனக்கோ அப்போது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார முடியாது.

தலைக்குள் பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டியிருந்த சின்னக் கட்டியைக் கோவையில் எடுத்தார்கள். கட்டி போனது, தாகம் வந்தது. குடம் குடமாகக் குடித்தேன், குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போனது. பல்லடம் ரோட்டில் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிவறை சுத்தம் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

நோயின் பெயர் ‘டயாபடீஸ் இன்சிபிடஸ்’. அதன் முன்பாதி ‘டயாபடீஸ்’ என்று இருந்தது அடுத்த வினை. மாமியார் என் காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். “இது வேறங்க அத்தை, எனக்குச் சர்க்கரையே இல்லைங்க” என்றேன். “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க கண்ணு” என்றார். காபியைச் செம்பருத்திக்கு ஊற்றினேன்.

இதற்கிடையில் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெரியப்பா மகள் சீர் செய்யட்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. “நான் இருக்கறப்ப இன்னொருத்தியா?” என்று எகிறினேன். தம்பி வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

டாக்டரம்மாவிடம் போனபோது, தோட்டமே கதியென்று இருக்கும் என் கணவர் முந்திக்கொண்டார். “ஏனுங்க, மடை எங்கியோ தொறந்து கெடக்குதுங்க. அதை அடைச்சுப்போட்டாச் சரியாப் போயிருமுங்களா?”

“அடைக்கறது இல்லீங்க, தொறக்கோணும்” என்று சிரித்தார் அவர்.

கிட்னி வடிகட்டும் நீரில் பெரும்பகுதியை உடம்பு வழியிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறதாம். கடைசி நுண்குழாய்களின் சுவரில் அதற்கென்று புரதக் கதவுகள் உண்டு. அகுவாபோரின் என்று பெயர். தண்ணீர் மட்டும் ஒற்றை வரிசையில் நுழையும், உப்புக்கு அனுமதியில்லை. இந்தக் கதவுகள் சும்மா இருக்கும்போது செல்லுக்குள் சின்னச் சின்னப் பைகளில் கிடக்கும். உடம்பில் நீர் குறைந்தால் பிட்யூட்டரி ஒரு ஹார்மோனை அனுப்பும். அது வந்து சொன்னதும் பைகள் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும், குழாயில் ஓடும் நீர் ரத்தத்துக்குத் திரும்பும். எனக்கு அந்த ஹார்மோன் வரவில்லை. கதவுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, சொல்லத்தான் ஆளில்லை. கேட்டதும் எனக்கு என் கிட்னி மேல் பாசம் பொங்கியது. பாவம், அதை எப்படியெல்லாம் திட்டியிருந்தேன்!

அந்த ஹார்மோனின் வேலையைச் செய்யும் மருந்தை மூக்கில் அடித்துக்கொள்ளக் கொடுத்தார். “இனித் தாகமெடுத்தா மட்டும் குடிங்க. பழக்கத்துல குடிச்சுப்போடாதீங்க, ஒடம்புல உப்பு கொறஞ்சுரும்” என்று எச்சரித்தார். அன்று மதியம் படுத்தவள் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்தேன். மூச்சு வருகிறதா என்று கணவர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம்.

இணைச்சீரில் நான்தான் உட்கார்ந்தேன். எங்கள் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் எதையும் அவசரமாகச் செய்யாதவர். மண்டபத்தில் பாதிப் பேர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, நான் எப்போது எழுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அசையவில்லை. அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

பாதியில் தம்பி என் பக்கம் சாய்ந்தான்.

“அக்கா, அவசரமா பாத்ரூம் போகோணும்.”

“இப்பவா? ஏன் கண்ணு?”

“நீ நடுவுல எந்திரிக்க வேண்டி வந்தா, எனக்குத்தான் அவசரம்னு சொல்லி நான் எந்திரிச்சரலாம்னு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சுப்போட்டு வந்தேன். நீ எந்திரிக்கவே மாட்டேங்கறே.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“கம்முனு உக்காரு சாமி, ஆச்சு” என்றேன்.

சேலைத் தலைப்பை விட்டதும் மாப்பிள்ளை ஓடிய ஓட்டத்தை வீடியோக்காரர் ஒரு நொடி விடாமல் எடுத்திருக்கிறார்.