டனிக் கள் ஓடைக்கு ஒரு நாள் பயணம்

எங்கள் வீடு பர்மாவில், பசுந்தாங்கு என்கிற பேட்டையில் ஐந்தாவது மாடி. பால்கனியிலிருந்து ஒரு கயிறு தெரு வரை தொங்குகிறது, அதன் நுனியில் ஒரு கிளிப்பு. இங்கே எல்லா மாடி வீட்டுக்கும் இப்படி ஒரு கயிறு உண்டு. காலையில் செய்தித்தாள், கீரை, பலகாரம் எல்லாம் அதில்தான் ஏறி வரும். ஆறரை மணிக்கு ஒரு பெண் சைக்கிளில் கள் விற்றுக்கொண்டு வருவாள். எதிர் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, கோயிலுக்குப் போகிற உடையில் நின்றபடி, கயிற்றில் ஒரு பாட்டில் கள்ளை மேலே இழுப்பார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாணமாகி நான் இங்கே வந்த முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவுக்காக நான் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்தக் கள் வருகிற ஓடைக்கு நானே ஆட்களைக் கூட்டிப் போகிறேன். ஊரில் இருக்கிற நீங்கள் இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் உடன்குடிப் பக்கத்துப் பெண். அப்பா பனையேறினார். விடியுமுன் எழுந்து கலயங்களைக் கழுவி, உள்ளே சுண்ணாம்பு தடவிக் கொடுப்பது என் வேலை. சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். பதநீர் என்றால் மரியாதை, கள் என்றால் போலீஸ். ஒரு கலயத்தில்கூட சுண்ணாம்பு விட்டுப்போகக் கூடாது என்று அம்மா என் விரல்களைப் பார்ப்பாள். பத்தாவதோடு படிப்பு நின்றது. என் கணவர் இங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா துறைமுக வேலைக்கு வந்தவர். கணவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அண்ணன் மாதம் ஒருமுறை போன் செய்து, கிளம்பி வந்துவிடு, அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்பார். யாரிடமும் அதிகம் பேசாதவள் நான். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்க மாட்டேன்.

எங்கள் அம்மன் கோயிலில் செவ்வாய்தோறும் பெண்கள் கூடிப் பாடுவோம். போன வருஷம் ஒருநாள், கரண்ட் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே வெந்து கிடக்கிறோம், காலையில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்புகிற மாதிரி அமைதியான இடம் எங்காவது இருக்கிறதா என்று பேச்சு வந்தது. டோ பார்வதி என்பவர்தான் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி; டோ என்பது இங்கே மூத்த பெண்ணுக்கு மரியாதை, இளையவளுக்கு மா. தமிழும் பர்மியமும் கலந்து பேசுவார், யாரையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டார். அவர் எல்லார் முகத்தையும் பார்த்தார். நான் கூட்டிப் போகிறேன் என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. என் கணவர் இருந்தபோது சௌதான் பக்கத்து ஓடையில் கள் இறக்கி விற்கிற டோ ஞோ என்பவர் வீட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறோம். அந்த ஒரு இடம்தான் எனக்குத் தெரியும். அண்ணனிடமும் துணிந்து சொன்னேன். ஆறு தடவை கூட்டிப் போய்ப் பார்க்கிறேன், அது நடந்தால் இங்கேயே அதை வைத்துப் பிழைத்துக்கொள்வேன், நடக்காவிட்டால் வீட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அண்ணன் சிரித்தார். நீ, ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, கள்ளுக்கடைக்கு என்றார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். பசுந்தாங்கிலிருந்து தாகேதா பாலம் ஏறினால் வெயில் வருவதற்குள் தன்லியின் என்கிற ஊரைத் தாண்டிவிடலாம். அடையாள அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் நிறுத்திக் கேட்டால் தேடக் கூடாது. சேறு பட்டால் கவலைப்படாத பழைய லொஞ்சியைக் கட்டிக்கொள்ளுங்கள். பௌர்ணமியில் போக வேண்டாம், டோ ஞோ அன்றைக்கு விரதம், விற்கமாட்டார். டனி என்பது உப்பு ஓடையின் சேற்றில் நிற்கிற பனை. அதற்கு அடிமரம் என்று ஒன்று இல்லை, மட்டைகள் சேற்றிலிருந்தே கிளம்பும். ஏற வேண்டியதில்லை, படகில் உட்கார்ந்தபடியே கை நீட்டிக் குலைக் காம்பைச் சீவி மூங்கில் குழாயைக் கட்டிவிடலாம். முதல் தடவை அதைப் பார்த்தபோது, அப்பாவின் நெஞ்சிலும் தொடையிலும் இருந்த தழும்புகள் நினைவுக்கு வந்து, கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

முதல் பயணத்துக்குப் பத்துப் பேர் வந்தார்கள். ஓடைக்கரையில் கூரை போட்ட மேடை, காற்று, தட்டில் வறுத்த சின்ன இறால், பச்சை மாங்காய். யாரும் சத்தம் போடவில்லை, அவசரப்படுத்தவில்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கள்ளைத் தவிர. டோ பார்வதி மட்டும் இரண்டு கோப்பை குடித்தார். நான் குடிக்காததைப் பார்த்துவிட்டு, "என்ன பொன்னு, உங்க ஊர்ல கள்ளப் பாத்தா பொம்பளைங்க கண்ண மூடிக்குவீங்களாம். இங்க மூக்க மூடுனாப் போதும்," என்றார். மற்றவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கீழே வைத்தார்கள். புளிக்கிறது, அடுத்த தடவை இனிப்பாகக் கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்காவிட்டால் வரமாட்டார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கு உடனே விடை தெரிந்துவிட்டது. இதைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது பயணத்துக்கு முதல் நாள் மதியமே நான் தனியாகப் போய்விட்டேன். டோ ஞோ மடத்துக்குச் சோறு கொண்டுபோயிருந்தார். அவர் கணவர் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். முப்பது மூங்கில் குழாய்கள் வேலியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தால் கொழகொழவென்று வெள்ளைப் படலம், புளித்த வாடை. அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டேன். ஒவ்வொரு குழாயையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து உள்ளே பூசினேன். ஒன்றில்கூட விட்டுப்போகவில்லை. அந்தியில் அவர் கணவர் குழாய்களை எடுத்தபோது உள்ளே வெள்ளையாக இருந்ததைப் பார்த்தார். மனைவி சொல்லிச் செய்தது என்று நினைத்துக்கொண்டாராம், ஒன்றும் கேட்காமல் கொண்டுபோய்க் கட்டினார். டோ ஞோ இருட்டிய பிறகுதான் திரும்பினார். நான் கழுவிக் கொடுத்ததை நல்ல காரியம் என்று நினைத்ததால் சொல்லவும் தோன்றவில்லை.

காலையில் என் ஆட்கள் வந்து குடித்தார்கள். தெளிந்த பதநீர். வெள்ளிக்கிழமை விரதம் இருந்தவர்கள்கூடக் குடித்தார்கள். டோ பார்வதி மட்டும் இது என்ன, சர்க்கரைத் தண்ணீர் என்று முகம் சுளித்தார். நான் வாழ்க்கையில் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. ஒன்பது மணிக்கு வலை இழுத்துவிட்டு மீனவர்கள் வந்தார்கள். தினமும் அந்த நேரத்துக்கு வருகிறவர்கள். முதல் கோப்பையை வாயில் வைத்தவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு டோ ஞோவிடம், "அத்தை, நாளைலேருந்து பால்புட்டில ஊத்திக் குடுங்க, மடில படுத்துக்கிட்டே குடிக்கிறோம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர் என் பக்கம் தாடையைக் காட்டி, கலாமா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாளா என்றார். கலாமா என்றால் இந்தியப் பெண், சொல்கிற வாயைப் பொறுத்து அது வசவு. ஒவ்வொருவராக எழுந்து படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

டோ ஞோ ஒரு குழாயை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். முப்பதையும் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"கழுவினியா?"

ஆமாம் என்றேன். அழுக்காக இருந்தது என்றேன்.

"அழுக்கில்ல மா பொன்னு. அது எங்க வீட்டுப் புளிப்பு. குழாய் மாறும், புளிப்ப மாத்த மாட்டோம். பழைய குழாயிலேருந்து புதுக் குழாய்க்கு ஒரு வாய் ஊத்தி வைப்போம். என் மாமியார் எனக்குக் குடுத்தது. ஒரு குழாயாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வீட்டுக்குள் புகுந்து, உறை மோர் வைத்திருக்கிற கிண்ணங்களை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, சுத்தம் பண்ணினேன் என்று நின்றிருக்கிறேன். இனி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்றார் டோ ஞோ.

அந்த வாரம் அண்ணன் போன் வந்தது. இரண்டு தடவை போனோம் என்று மட்டும் சொன்னேன். அவர் டிக்கெட் பற்றிப் பேசினார். பேசட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஊருக்குப் போவதாக இருந்தால்கூட, ஒரு வீட்டின் உறையைக் கொட்டிவிட்டுப் போகக் கூடாது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். டோ ஞோ வீட்டுக்கு இரண்டு ஓடை தள்ளி இன்னொருவர் டனிக் கள் இறக்குவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அறிமுகம் இல்லாத வீடு. வாசலில் நின்று, நான் செய்த காரியத்தை எனக்குத் தெரிந்த பர்மியத்தில் ஒளிக்காமல் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் நடுவிலேயே சிரிக்கத் தொடங்கி, மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். கழுத்து வரை சூடாக இருந்தது. பிறகு ஒரு பானையில் அடிக்கள்ளை ஊற்றி வாழையிலையால் கட்டிக் கொடுத்தார்.

"கொண்டுபோய்க் குடு. பெரும்புயல்ல எங்களது எல்லாம் போனப்போ, அந்த வீட்டு மாமியார்தான் எங்களுக்குக் குடுத்தாங்க. இது அவங்களதுதான்."

பானையை மடியில் வைத்துக்கொண்டு வாடகை மோட்டார் சைக்கிளில் டோ ஞோ வீட்டுக்குப் போனேன். இந்த ஊரில் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பதை கதோ என்பார்கள். மண்டியிட்டு, கை கூப்பி, நெற்றி தரையில் படக் குனிய வேண்டும். இத்தனை வருஷத்தில் மற்றவர்கள் செய்யும்போது நான் ஓரமாக நின்றிருக்கிறேன். அன்றைக்குப் பானையை முன்னால் வைத்துவிட்டுக் குனிந்தேன். டோ ஞோ இலையை அவிழ்த்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சொன்னதும் இன்னொரு முறை தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்சம் மாறிப்போயிருக்கிறது, அவர்கள் கைப்பக்குவம் வேறு என்றார். நான் சுண்ணாம்பு போகக் குழாய்களைக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ஊற்றிச் சுழற்றிக் கவிழ்த்து வைத்தேன். நான்கு நாள் அங்கேயே இருந்தேன். முதல் நாள் கள் சவசவவென்று இருந்தது. நான்காம் நாள் மீனவர்களில் ஒருவர் இரண்டாவது கோப்பை கேட்டார். டோ ஞோ அப்போதுதான் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

ஐந்தாம் நாள் படகில் கூட்டிப்போய், இந்தக் கரையில் எட்டுக் குலைக் காம்புகளைக் காட்டினார். இவை உனக்கு, என்ன வேண்டுமானாலும் பூசிக்கொள் என்றார். எதிர்க்கரை அவருடையது. "வலது கையால உன் குழாயத் தொடு, இடது கையால என்னத. மாத்தித் தொட்டா ஓடையில தள்ளிருவேன்," என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று பயணங்கள் முடிந்துவிட்டன. மேடையில் ஒரு பக்கம் என் ஆட்கள் பதநீர் குடிக்கிறார்கள், மறுபக்கம் மீனவர்கள் கள் குடிக்கிறார்கள். டோ பார்வதி மறுபக்கம்தான் உட்காருகிறார். நேற்று ஆறாவது பயணத்துக்கு முந்திய சாயங்காலம். தண்ணீர் ஏறியிருந்தது. படகின் ஒரு முனையில் சுண்ணாம்புக் குழாய்கள், மறுமுனையில் கழுவாத குழாய்கள், நடுவில் நான். இந்தக் கரையில் வலது கையால் கட்டினேன். எதிர்க்கரைக்குப் போய் இடது கையால் கட்டிக்கொண்டிருந்தபோது பைக்குள் போன் அடித்தது. அந்த நேரத்தில் அண்ணனைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. வலது கை காய்ந்து வெளுத்திருந்தது. இடது கை பிசுபிசுத்துப் புளித்த வாடை அடித்தது. எந்தக் கையால் போனை எடுப்பது என்று ஒரு நிமிஷம் இரண்டையும் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மணி அடித்து ஓய்ந்தது. இன்னும் ஆறு குழாய் மீதியிருந்தது. துடுப்பை எடுத்து அடுத்த காம்புக்குப் போனேன்.