என் குரலில் பேசியவள்

ஆசிரியருக்குப் படிப்புதான் மூலதனம் என்று சொல்பவர்கள் வகுப்பறைக்குள் நின்று பார்த்ததில்லை. மூலதனம் தொண்டை. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில், ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பெண்கள் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். மின்விசிறியின் கடகடப்பு, பக்கத்து வகுப்பின் செய்யுள், வாசலில் ஆரன் அடிக்கும் பேருந்து எல்லாவற்றையும் தாண்டி என் குரல் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தது. ஆற்றுக்கு அக்கரையில் குளிக்கிறவர்களுக்கும் அல்ஜீப்ரா தெரிந்திருக்கும் என்று என் கணவர் கேலி செய்வார்.

பதினைந்து வருடம் இருக்கும், அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் அந்தக் குரல் போய்விட்டது. ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை, உடன்குடிக் கருப்பட்டி என்று மளிகைக் கடையையே விழுங்கினேன். கடைசியில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்து, குரல் நாணில் முடிச்சு என்றார். பரீட்சை முடியும் வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் ஆபரேஷன், அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று அவரால் சொல்ல முடியாது.

என் கவலை பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு வாசலில் நிற்கிறது. நான் லீவு போட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு டீச்சர் கிடைக்கப் போவதில்லை. தலைமையாசிரியை நல்ல மனுஷி, ஆனால் கறார். “வாயைத் திறக்காம இருப்பீங்கன்னா வகுப்புக்குப் போங்க. ஒரு சத்தம் கேட்டாலும் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்” என்றார்.

முதலில் கிசுகிசுத்துப் பார்த்தேன். நான் கிசுகிசுத்தால் வகுப்பும் கிசுகிசுத்தது. யாரும் யாரையும் அதட்டவில்லை, யாருக்கும் எதுவும் புரியவும் இல்லை. கத்துவதைவிடக் கிசுகிசுப்பதுதான் தொண்டைக்குக் கெடுதல் என்று டாக்டர் அதற்கும் தடை போட்டார்.

அடுத்த நாள் வராந்தாவில் போய்க்கொண்டிருக்கும்போதே, வகுப்புக்குள் நான் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. “ஏட்டி, என்ன முழிக்கே? விடை போர்டுல இருக்கு, என் மூஞ்சியில இல்ல.” என் குரல், என் இழுப்பு, நடுவில் நான் விடும் பெருமூச்சுகூட இருந்தது. எட்டிப் பார்த்தால் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப்போலவே நிற்கிறாள். கணக்கில் எப்போதும் தட்டுத்தடுமாறுகிற பிள்ளை. என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை, ஏக்கம்தான் வந்தது. ஒரு வாரமாகக் கேட்காத குரல். சாக்பீஸை எடுத்து போர்டில் ஒரு சமன்பாட்டை எழுதினேன். அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டு, சொல் என்று சைகை செய்தேன்.

அன்றிலிருந்து நான் எழுதுவேன், அவள் பேசுவாள். முதலில் அவளுக்கு நன்றாக வந்தது ஏச்சு மட்டும்தான். யாராவது சந்தேகம் கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். பிறகு மணி அடிப்பதற்கு முன்பே வந்து, “இன்னைக்கு என்ன பாடம் டீச்சர்? எனக்குத் தெரிஞ்சாத்தான உங்களை மாதிரிச் சொல்ல முடியும்” என்று போர்டின் முன்னால் நிற்கத் தொடங்கினாள். இந்த வித்தை எங்கே படித்தாய் என்று ஒருநாள் போர்டில் எழுதிக் கேட்டேன். “வாப்பா சவூதியில இருக்காங்க. தம்பி அழுதாம்னா வாப்பா மாதிரிப் பேசி உறங்க வைப்பேன்” என்றாள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஒரு மத்தியானம் அவள் உச்சத்தில் இருந்தபோது தலைமையாசிரியை உள்ளே பாய்ந்து வந்தார். “டாக்டர் என்ன சொன்னாரு, நீங்க என்ன செய்யுதீங்க? வீட்டுக்குக் கெளம்புங்க” என்றவர், போர்டின் பக்கம் வாயை இறுக மூடியபடி நான் நிற்பதையும், மேஜையருகே அவள் நிற்பதையும் பார்த்தார். “எங்க, இன்னொருக்கச் சொல்லு” என்றார் அவளிடம். அவள் சொன்னாள். கேட்டுவிட்டு முகத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வெளியே போனார். வராந்தா முழுக்க அவர் சிரிப்பது கேட்டது.

அந்த வருடம் அவள் உட்பட எல்லோரும் கணக்கில் தேறினார்கள். ஆபரேஷன் இல்லாமலே எனக்குப் பேச்சும் வந்தது. ஆனால் வந்தது பழைய குரல் இல்லை, கீழே கரகரவென்று மணல் கிடந்த குரல். அதை வைத்துக்கொண்டு மீதி வருடங்களை ஓட்டினேன்.

இந்த வருடம் எனக்குப் பணி நிறைவு விழா. சால்வை, மாலை, பாராட்டு எல்லாம் முடிந்து மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. இந்தத் தடவை முடிச்சு இல்லை, அழுகை. கூட்டம் காத்திருந்தது.

“ஏட்டி, என்ன முழிக்கே? விடை போர்டுல இருக்கு, என் மூஞ்சியில இல்ல.”

கடைசி வரிசையிலிருந்து வந்தது. கெடுவதற்கு முந்தைய என் குரல், சேதமில்லாமல். அந்தக் கடைசி பெஞ்சுக்காரிதான், இப்போது காயல்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள், கையில் ஒரு சிறுமியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மண்டபமே சிரித்தது. அந்தச் சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“எதுக்கும்மா சிரிக்காங்க? நீங்க வீட்ல கணக்குச் சொல்லித்தருத குரல்தான இது?”

அதற்குப் பிறகு மைக்கில் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. அழுதுகொண்டே பேசினேன், ரொம்ப நேரம் பேசினேன் என்று என் கணவர் சொல்கிறார்.